சப்பாத்தோடு வந்த வீரர்கள்

நீலக்குடா என்ற துறைமுக ஊரை எந்த வரைபடத்திலும் தேடிப் பிடிக்க முடியாது. அது திருகோணமலைப் பாலையூற்றில், நிலுஷாவின் அறையில், ஒரு பழைய கணினிக்குள் இருந்தது. மலைக்கும் கடலுக்கும் நடுவில் நெருக்கிக் கட்டிய வீடுகள், ஒரு சந்தை, சந்தைக்குள் முட்டைக்கோவா இலை தின்று திரியும் மான்கள், முனையில் ஒரு வெளிச்சவீடு. வெளிச்சவீட்டில் தீ இல்லை. அதனால் கப்பல்கள் உள்ளே வர வழி தெரியாமல் வெளிக்கடலில் காத்து நின்றன. வாளும் கவசமுமாக ஊருக்குள் வருகிற வீரன், அந்தத் தீ எங்கே போனது என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்த வீரன்தான் விளையாட வருகிறவர்.

அது நிலுஷா பள்ளிக்கூடக் காலத்தில் விளையாடத் தொடங்கிய ஒரு பழைய மாயாஜால விளையாட்டு. அதைச் செய்த கம்பனி எப்போதோ கைவிட்டுவிட்டது. ரசிகர்கள் கைவிடவில்லை. உலகத்தின் எந்தெந்த மூலைகளிலோ இருந்துகொண்டு, ஒரு சதமும் வாங்காமல், அதற்குள் தாங்களே புதிய ஊர்களைக் கட்டினார்கள், புதிய கதைகளை எழுதினார்கள், ஒருவர் எழுதியதை மற்றவர் விளையாடினார்கள். முன்பின் தெரியாதவர்களுக்காக யாரோ ஒரு புண்ணியவான் படம் படமாகப் போட்டு, ஊர் கட்டுவது எப்படி என்று விளக்கி வைத்திருந்தார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டோக்கொப்பிக் கடையில் வேலை செய்யும் நிலுஷா, வேலை முடிந்த பின்னேரங்களில் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் நீலக்குடாவைக் கட்டினாள். அந்த மனுசனின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு முறை ஒரு கதவு சரியாகத் திறந்தபோதும் மனதுக்குள் அவருக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

பெயர் தெரியாதவர்களிடம் நன்றியோடு இருப்பது அவளுக்குப் புதிதல்ல. பொது நூலகத்தில் மொழிபெயர்ப்பு நாவல்கள் இருக்கும் அலுமாரி அவளுடைய அலுமாரி போலத்தான். பனி எப்படி இருக்கும் என்று தெரியாமலே பனியில் நடந்திருக்கிறாள். பெயரைச் சரியாகச் சொல்ல வராத ஊர்களின் ரயில் நிலையங்களில் அழுதிருக்கிறாள். எங்கேயோ யாரோ எழுதி, வேறு யாரோ தமிழாக்கி, திருகோணமலையில் இருக்கும் ஒருத்தியைத் தங்கள் வீட்டு மேசையில் ஒரு ஆளாக இருத்திவிட்டார்கள். ஒவ்வொரு புத்தகத்தையும் திருப்பிக் கொடுக்கும்போது, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு எழும்பி வருகிற மாதிரி அவளுக்கு இருக்கும். ஒருமுறையாவது நாங்களும் யாருக்காவது ஒரு சாப்பாடு போட வேண்டும் என்று நினைத்தாள். நீலக்குடா அந்தச் சாப்பாடு.

கதையின் உண்மை இதுதான். வெளிச்சவீட்டுத் தீயை யாரும் களவெடுக்கவில்லை. ஒரு பொல்லாத மாரி மழையில் அது அணையப் போனபோது, ஊர்ச் சனங்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சட்டியில் அள்ளிக்கொண்டு போய்த் தங்கள் குசினி அடுப்பில் வைத்துக் காப்பாற்றினார்கள். மாரி போய்விட்டது, பயம் போகவில்லை. வீரன் ஒவ்வொரு வீட்டிலும் நம்பிக்கை தேடி, குசினிவரைக்கும் அழைக்கப்பட்டு, அடுப்புத் தீயில் ஒரு கொள்ளி வாங்க வேண்டும். எல்லாத் தீயும் சேர்ந்து விளக்கு எரிந்ததும், காத்து நின்ற கப்பல்கள் ஒவ்வொன்றாக உள்ளே வரும்.

அந்தக் கடைசிக் காட்சியைத்தான் நிலுஷா முதலில் எழுதினாள். அவளுடைய கூட்டாளி மின்ஹா கிண்ணியாவிலிருந்து பஸ்சில் வந்து வந்து அதற்குப் படம் கீறினாள். எந்தக் கப்பலும் மற்றதைப் போல் இல்லாமல், பாயில் ஒட்டுப்போட்ட கப்பல், கோழிக்கூடு கட்டித் தொங்கவிட்ட கப்பல் என்று கீறிக்கொண்டே போனாள். வீரனுக்கு முகம் கீற மறந்துவிட்டாள்; பிறகு நிலுஷா நினைவுபடுத்தித்தான் கீறுவித்தாள்.

ரசிகர்களின் இணையத்தளத்தில் ஆவணி மாதத்தில் ஒரு வாரம் புதுக்கதைகளுக்கான வாரம். அந்த வாரம் முழுக்கப் புதியவை முன்பக்கத்தில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்துக்குள் ஒரு ஆளாவது முடிவுவரை விளையாடி முடித்திருந்தால், அந்தக் கதை முன்மண்டபத்தில் இடம்பிடிக்கும். யாருமே முடிக்காதவை கீழே கிடங்குக்குப் போய்விடும். கிடங்கில் ஆயிரக்கணக்கில் கிடந்தன. அங்கே இறங்கிப் பார்க்கிறவர்கள் கிடையாது.

நிலுஷா பரிசு கேட்கவில்லை. அந்தக் கப்பல்கள் உள்ளே வருவதை ஒரு ஆளாவது பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பயப்படக் காரணமும் இருக்கவில்லை. மின்ஹாவின் மூத்த சகோதரர் றுவைஸ் நானா விளையாடிப் பார்த்து முடித்துவிட்டார். போட்டோக்கொப்பிக் கடையில் கூட வேலை செய்யும் சிந்துஜன் முடித்துவிட்டு, கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு எழும்பிப் போனான். கதையைத் தமிழில் எழுதி, இரண்டு பேருமாக ஆங்கிலத்துக்கு மாற்றி, திங்கட்கிழமை தளத்தில் ஏற்றினார்கள்.

செவ்வாய்க்கிழமை விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள்.

இரும்புத்தாடி என்ற பெயரில் ஒருவர் எழுதியிருந்தார்: அழகான ஊர், ஆனால் ஒருத்தரும் ஒன்றும் சொல்கிறார்களில்லை. கோபத்தில் மான்களை எல்லாம் கொன்றுபோட்டேன். அதற்குப் பிறகும் ஒருத்தரும் ஒன்றும் சொல்கிறார்களில்லை.

இன்னொருவர் எல்லா வீட்டு வாசல்களிலும் செருப்புகள் கிடந்தன என்றும், எல்லாவற்றையும் பொறுக்கிச் சந்தைக் கடையில் விற்றுவிட்டதாகவும், அது கதையில் ஒரு பகுதியா என்றும் கேட்டிருந்தார். மூன்றாவது ஆள் ஒரே வரியில் முடித்துவிட்டார்: உடைந்த கதை, நேரத்தை வீணாக்க வேண்டாம். அதன் கீழே பலர் ஆமாம் போட்டிருந்தார்கள்.

முடித்தவர்கள் என்ற இடத்தில் ஒரு பூச்சியம் இருந்தது.

மின்ஹா புதன்கிழமை வந்தபோது நிலுஷா சாப்பிடாமல் இருந்தாள். இரண்டு பேருமாக மறுபடி முதலிலிருந்து விளையாடிப் பார்த்தார்கள். எல்லாம் ஒழுங்காகத் திறந்தது, எல்லோரும் கதைத்தார்கள், ஒவ்வொரு குசினியிலும் தீ கிடைத்தது. கோப்பு ஏற்றும்போது பழுதாகிவிட்டதோ என்று திருப்பி ஏற்றினார்கள். தயவுசெய்து மறுபடி இறக்கிப் பாருங்கள் என்று எழுதினார்கள். மறுபடி இறக்கியவர்கள் மறுபடி ஏசினார்கள்.

"எங்கட ஊர் ஆக்கள் எல்லாரும் முடிக்கினம். வெளி ஆக்கள் ஒருத்தருக்கும் ஏலுதில்லை. இதென்னடி சூனியம்?" என்றாள் மின்ஹா.

ஏசாத ஒரே ஆள் நனைந்த தொப்பி என்பவர். வடக்கே ஏதோ ஒரு குளிர் நாட்டில் வீதிப் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறவராம். பனி இல்லாத மாதங்களில் விளையாட்டு. அவர் எழுதியது நிலுஷாவின் மனதில் தைத்துவிட்டது.

எல்லா வீட்டுக்கும் போனேன், என்று எழுதியிருந்தார். எல்லோரும் என்னை இருக்கச் சொன்னார்கள், தேநீர் தந்தார்கள், மழையைப் பற்றிக் கதைத்தார்கள். ஒருத்தரும் கோபமாக இல்லை. ஆனாலும் நான் ஏதோ ஒரு பிழை விட்டுவிட்டேன் என்று எனக்குத் தெரிகிறது. என்ன பிழை என்றுதான் தெரியவில்லை. யாராவது சொன்னால் திருத்திக்கொள்வேன்.

தான் விளையாடியதைப் படம்பிடித்தும் போட்டிருந்தார். நிலுஷா அதைப் பல தடவை பார்த்தாள். வாசலில் வீட்டுக்காரி நிற்கிறாள். காலில் தடித்த தோல் சப்பாத்தோடு வீரன் வருகிறான். "பரவாயில்லை, சப்பாத்தோட வாங்கோ" என்று அவள் சொல்கிறாள். வீரன் உள்ளே போகிறான், இருக்கிறான், தேநீர் குடிக்கிறான், தீயைப் பற்றிக் கேட்கிறான். அவள் மழையைப் பற்றிச் சொல்கிறாள். எல்லாம் நிலுஷா எழுதியபடிதான். ஆனால் அந்த வீரன் கூடத்துக்குள் நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு ஏனோ கூசியது. அந்நிய ஆள் யாரோ தன் கட்டிலில் ஏறி நிற்பது போல ஒரு அருவருப்பு. ஏன் என்று யோசித்தாள், பிடிபடவில்லை.

வெள்ளிக்கிழமை அவளுக்குக் கடையில் அரைநாள். வீட்டுக்கு வந்து வாசலுக்கு நேரே இருந்த மேசையில் சோற்றுக் கோப்பையை வைத்துக்கொண்டு அளைந்துகொண்டிருந்தாள். அப்பா வின்சன்டுக்குத் துறைமுகத்தில் இழுவைப்படகில் வேலை. முந்தின நாள் கைபேசியைப் படகிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார். கூட வேலை செய்யும் ஹிஸ்புல்லா அதைக் கொண்டுவந்து கொடுக்க வந்தார். மூதூர் ஆள். ஜும்மா தொழுகை முடிந்து வேலைக்குத் திரும்புகிற வழி, காலில் முழங்கால் பாதிவரை கயிறு கட்டிய கனத்த வேலைச் சப்பாத்து.

"இல்லை அக்கா, அவசரம். இதைக் குடுத்திட்டுப் போறன்" என்றார்.

"அதென்ன வாசலோட போற பழக்கம்? ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ தம்பி. பரவாயில்லை, சப்பாத்தோட வாங்கோ" என்றாள் அம்மா சீலா.

அப்படிச் சொல்லிக்கொண்டே, கூடத்தில் இருந்த கதிரை ஒன்றை இழுத்து வாசல்நிலைக்குப் பக்கத்தில் போட்டாள். ஹிஸ்புல்லா, சீச்சீ அதெப்படி என்று சொல்லிக்கொண்டே அந்தக் கதிரையில் அமர்ந்து குனிந்து கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். நல்ல நேரம் எடுத்தது. அதுவரைக்கும் இரண்டு பேரும் சப்பாத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. படகின் புது எஞ்சினைப் பற்றியும், கோதுமைக் கப்பல் ஒன்று வெளியில் காத்து நிற்பதைப் பற்றியும் கதைத்தார்கள். பிறகு அவர் சப்பாத்து இரண்டையும் சுவரோடு சேர்த்து வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே வந்தார்.

நிலுஷாவின் கை கோப்பைக்குள் அப்படியே நின்றுவிட்டது.

அவர் தேநீர் குடித்துவிட்டுப் போகும்வரை பொறுத்திருந்து கேட்டாள். "அம்மா, நீங்கள் ஏன் அவரைச் சப்பாத்தோட வரச்சொன்னனீங்கள்?"

"பின்ன? வீட்டுக்கு வாற மனுசனிட்ட கழட்டு எண்டே சொல்லுறது?"

"அவர் அதைக் கேட்டு அப்படியே உள்ளுக்கு வந்திருந்தா?"

"ஏன் வரப்போறார்? நல்ல மனுசன்."

"வந்திருந்தா எண்டு கேக்கிறன்."

அம்மா கோப்பையைக் கழுவிக்கொண்டே கொஞ்சம் யோசித்தாள். "வந்திருந்தா என்ன, தேத்தண்ணி குடுத்து, நல்லாக் கதைச்சு அனுப்பியிருப்பன்."

"குசினிக்குள்ள கூப்பிட்டிருப்பீங்களோ?"

"உனக்கென்ன விசரே? நிலத்தைக் கழுவிப்போட்டு, அடுத்தமுறை அப்பாவையே வாசலுக்கு அனுப்பியிருப்பன்."

நிலுஷா கை கழுவாமலே எழும்பி ஓடினாள். அம்மா பின்னால் ஏசினாள்.

அந்த விதியை அவள் கதை கட்டத் தொடங்கிய புதிதிலேயே எழுதியிருந்தாள். வீரனின் காலில் சப்பாத்து இருந்தால் வீட்டுக்காரி மழையைப் பற்றிக் கதைப்பாள். காலில் ஒன்றும் இல்லாவிட்டால்தான் மெல்ல மெல்ல உண்மையைச் சொல்லிக் குசினிக்குள் கூப்பிடுவாள். எழுதியதோடு அது அவள் நினைவிலிருந்தே போய்விட்டது. கதவைத் திறக்காமல் உள்ளே போக முடியாது என்பது மாதிரியான ஒன்றை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? றுவைஸ் நானாவும் சிந்துஜனும் வாசலில் செருப்புக் கிடப்பதைக் கண்டார்கள், 'பரவாயில்லை' என்று ஒருத்தி சொல்வதைக் கேட்டார்கள், உடனே வீரனின் சப்பாத்தைக் கழற்றி மூட்டைக்குள் வைத்துவிட்டார்கள். கழற்றியது அவர்களுக்கே தெரிந்திருக்காது. வெளிநாட்டுக்காரர்களோ சொன்னதை அப்படியே நம்பினார்கள். சப்பாத்தோடு வா என்றாள், சப்பாத்தோடு வந்தார்கள். செருப்புக் கிடந்தது, பொறுக்கினார்கள். அவர்களில் ஒரு பிழையும் இல்லை.

அவள் மின்ஹாவுக்குத் தொலைபேசியில் எடுத்துச் சொன்னாள். மறுமுனையில் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்க நெடுநேரம் பிடித்தது.

"அப்ப இந்த நாலு நாளும் நாங்க உலகம் முழுக்க இருக்கிற ஆக்களுக்கு மூஞ்சியைக் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறம், என்னடி?"

"மூஞ்சி காட்டேல்லை. மரியாதையாத்தான் நடத்தியிருக்கிறம்."

"அதுதான் மோசம்" என்றாள் மின்ஹா.

சனிக்கிழமை மின்ஹா வந்ததும் என்ன செய்வது என்று வாக்குவாதம் தொடங்கியது. தளத்தின் சட்டப்படி வாரம் முடியும்வரை கதையில் திருத்தம் செய்யலாம். விதியையே எடுத்துவிடுவோம், ஒரு நிமிஷ வேலை என்றாள் மின்ஹா. நிலுஷாவுக்கு அது முடியவில்லை. சேற்றுச் சப்பாத்தோடு அடுப்படிவரை நடந்து தீயை வாங்கிக்கொண்டு போகிறவனுக்காகவா அந்தச் சனங்கள் இவ்வளவு காலம் தீயைக் காத்தார்கள்? அப்படியென்றால் வாசலில் ஒரு பலகை வைப்போம், சப்பாத்தைக் கழற்றவும் என்று எழுதுவோம் என்றாள் மின்ஹா. ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும்தான் பலகை வைக்கிறது, வீட்டுக்கு வருகிற ஆளுக்குப் பலகை காட்டுவதா என்றாள் நிலுஷா. அப்படிச் சொன்னாலும், தான் வாசித்த நாவல்களில் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் மொழிபெயர்ப்பாளர் போட்ட குறிப்புகளை நினைத்துப் பார்த்தாள். எத்தனை தரம் அந்தக் குறிப்பு அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போயிருக்கிறது. தெரியாதவனைத் தெரியாதவனாகவே வாசலில் நிற்க விடுவதும் மரியாதை இல்லை.

"அம்மா கதிரை போட்டவ" என்றாள்.

"என்ன?"

"வாயால வா எண்டு சொல்லிக்கொண்டு, கையால வாசல்ல கதிரை போட்டவ. ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் ஒரு கதிரை கீறித் தா. வீரன் அதில இருந்தா, தானாக் குனிஞ்சு சப்பாத்தைக் கழட்டுவான். மிச்சத்தை நான் எழுதுறன்."

மின்ஹா முதலில் கீறியது, முதுகில் ஓட்டை ஓட்டையாக இருக்கும் சிவப்பு பிளாஸ்ரிக் கதிரை. மாயாஜால உலகத்தில் பிளாஸ்ரிக் எங்கே இருந்து வந்தது என்று நிலுஷா கேட்டாள்.

"பறக்கிற திருக்கை மீன் இருக்கலாம், கதைக்கிற கிணறு இருக்கலாம், பிளாஸ்ரிக் கதிரைக்கு மட்டும் உன்ர உலகத்தில விசா இல்லையோ?"

கடைசியில் மரக்கதிரைக்கு இணங்கினாள். ஆனால் வீட்டுக்கு வீடு வேறு வேறு கதிரை. ஒன்றுக்குக் கால் உடைந்து கயிறு சுற்றியிருந்தது. ஒன்றில் பூனை படுத்திருந்தது, வீரன் வந்தால்தான் எழும்பும். பொழுதுபடுவதற்குள் எல்லா வாசலிலும் கதிரை போட்டு முடித்து, மின்ஹா கடைசி பஸ்சுக்கு ஓடினாள். நிலுஷா கதையை ஏற்றிவிட்டு, கீழே ஒரு வரி எழுதினாள்: வாசல்களில் கதிரை போட்டிருக்கிறோம். களைப்பாக இருந்தால் இருங்கள்.

அதற்கு வந்த முதல் பதில் இரும்புத்தாடியிடமிருந்து. உடைந்த கதையைத் திருத்தச் சொன்னால் தளபாடம் வாங்கிப் போட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். அதற்குச் சிரித்தவர்கள் நிறையப் பேர். நிலுஷாவும் சிரித்தாள். சிரித்துவிட்டுப் படுக்கப் போனாள்.

ஞாயிறு காலை தேவாலயப் பூசையில் அவள் மனம் நிற்கவில்லை. மன்றாட்டுகளுக்கு எல்லோரும் பதில் சொன்னபோது இவளும் சொன்னாள். எதற்காக என்று கேட்டால் சொல்லியிருக்க மாட்டாள். வீட்டுக்கு வந்து, கோவில் உடுப்பு மாற்றாமல் கணினிக்கு முன்னால் இருந்தாள். பூச்சியம் அப்படியே இருந்தது. மத்தியானம் பார்த்தாள், அப்போதும் பூச்சியம். கிடங்குக்குப் போனாலும் போகட்டும், மின்ஹாவின் கப்பல்களை அச்சடித்துச் சுவரில் ஒட்டலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னாள்.

தேநீர் நேரத்தில் மறுபடி திறந்தாள். முடித்தவர்கள் என்ற இடத்தில் ஒன்று என்று இருந்தது.

நனைந்த தொப்பி நீளமாக எழுதியிருந்தார்.

உண்மையில் நான் பகிடிக்குத்தான் அந்தக் கதிரையில் இருந்தேன், என்று தொடங்கியிருந்தார். என் வீரன் மூச்சு வாங்கிக்கொண்டு குனிந்தான். ஒரு சப்பாத்தைக் கழற்றினான், மற்றதையும் கழற்றினான். அவனுடைய வெறுங்கால் தெரிந்தது. இத்தனை வருஷமாக இவனை எத்தனை மலைகளில் ஏற்றியிருக்கிறேன், எத்தனை பூதங்களோடு சண்டை பிடிக்க வைத்திருக்கிறேன், ஒருநாளும் இவனுக்குக் கால் இருக்கிறது என்று நான் நினைத்ததில்லை. எங்கள் நாட்டிலும் வீட்டுக்குள் சப்பாத்தோடு போகமாட்டோம். பனிச் சப்பாத்தோடு கூடத்துக்குள் கால் வைத்தால் என் தாய் கூட்டுகிற தும்புத்தடியைத் தூக்குவாள். அப்படிப்பட்ட நானே, விளையாட்டுக்குள் வந்ததும் எல்லா வீட்டுக்குள்ளும் மிதித்துக்கொண்டு போயிருக்கிறேன். என் பிழை என்ன என்று கேட்டேன் அல்லவா, நீங்கள் சொல்லவில்லை, கதிரை போட்டீர்கள். நன்றி.

பிறகு அவர் திரும்பவும் எல்லா வீட்டுக்கும் போயிருக்கிறார். கயிறு சுற்றிய கதிரையில் இருந்திருக்கிறார், பூனையிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். குசினிக்குள் கூப்பிட்டார்கள், தீ தந்தார்கள். தீயைக் கொண்டு வெளிச்சவீட்டுக்கு ஏறப்போகிற நேரத்தில் ஒரு நினைவு வந்ததாம். முதல் நாள் அவரும் வாசல் செருப்புகளைப் பொறுக்கி விற்றவர்களில் ஒருவர். கையில் தீயை வைத்துக்கொண்டு சந்தைக்குப் போய், விற்ற செருப்புகளையெல்லாம் திருப்பி வாங்கி, எந்தச் சோடி எந்த வீடு என்று நினைவில்லாமல் குத்துமதிப்பாக ஒவ்வொரு வாசலிலும் வைத்துவிட்டு வந்தாராம். கதையில் அதற்கு ஒரு பலனும் இருக்கவில்லை, ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை, அது பரவாயில்லை என்று எழுதியிருந்தார்.

அதற்கு நிலுஷா கதையில் ஒரு பதிலும் எழுதி வைக்கவில்லைதான். திருப்பிக் கொண்டுவந்து வைப்பான் ஒருவன் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவள் கட்டிய ஊரில் அவளுக்குத் தெரியாமல் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது.

கடைசிப் பந்தியை அவள் மெதுவாக வாசித்தாள்.

விளக்கு எரிந்தது, கப்பல்கள் வந்தன. நான் எழும்பிப் போய்க் கோப்பி போட்டுக்கொண்டு வந்து எல்லாக் கப்பலும் வந்து சேரும்வரை இருந்து பார்த்தேன். கோழிக்கூடு கட்டிய கப்பல் கரை சேர்ந்தபோது, சேவல் கூவியது. என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்கு விளையாட்டு ஒன்றும் விளங்காது. இவ்வளவு நேரமும் இவர்கள் வெளியிலேயா நின்றார்கள் என்று கேட்டாள். ஆமாம், என் சப்பாத்தால்தான் என்றேன்.

நிலுஷா குசினிக்குப் போனாள். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு வெளிநாட்டு மனுசன் விளையாட்டில் எடுத்த செருப்பை எல்லாம் திருப்பி வாசலில் வைத்துவிட்டானாம் என்று மட்டும் சொன்னாள். அம்மா கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"எடுத்ததைத் திருப்பி வச்சவனோ? கோவில் வாசல்ல போன என்ர செருப்பு இன்னும் வரேல்லை. அவன் நல்ல வீட்டுப் பிள்ளைதான்." பிறகு கேட்டாள், "எந்த ஊர்?"

"பனி கொட்டுற ஊர்."

"அப்ப கால் குளிருமே" என்றாள் அம்மா. கத்தி மறுபடி ஓடத் தொடங்கியது.

மின்ஹாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். சேவல் கூவியதைச் சொன்னதும் மின்ஹா அழுதாள். சேவல் சத்தம் அவளுடைய உம்மாவின் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் விடியப்புறம் இருந்து பதிவுசெய்தது. பிறகு, இந்த நனைந்த தொப்பிக்குத் தான் ஒரு தொப்பி கீறி அனுப்பப் போவதாகச் சொன்னாள்.

அந்தப் பின்னேரத்துக்குள் இன்னும் சிலர் முடித்தார்கள். ஒருவர், இனி எந்தக் கதைக்குள் போனாலும் வாசலில் நின்று வீரனின் காலைப் பார்ப்பேன் என்று எழுதினார். உடைந்த கதை என்று எழுதியவர் தன் வரியை அழித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். இரும்புத்தாடி மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. கதிரை நல்ல கதிரை என்று ஒத்துக்கொண்டார், ஆனால் மான்களை மறுபடி உயிரோடு தர வேண்டும், அவற்றைக் கொன்றது தன் மனதை உறுத்துகிறது என்றார். முதலிலிருந்து விளையாடினால் எல்லா மானும் சந்தையில் நிற்கும் என்று நிலுஷா எழுதினாள்.

நனைந்த தொப்பிக்கான பதிலை மட்டும் எழுதி எழுதி அழித்தாள். கடைசியில், நீங்கள் செருப்பை வைத்ததை ஊர்ச் சனங்கள் எல்லோரும் யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள், சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார்கள் என்று எழுதி அனுப்பினாள். அது பொய் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அவர் உடனேயே பதில் போட்டார். இன்னொரு விஷயம் கேட்க வேண்டும், என்றார். உங்கள் ஊரில் எல்லோரும் எனக்குத் தீ தந்தார்கள், ஒருத்தரும் நன்றி என்ற சொல்லைச் சொல்லவில்லை. நானும் சொல்வதற்கு அப்படி ஒரு தெரிவு வரவில்லை. வீட்டைவிட்டு வெளிக்கிடும்போது என்ன சொல்ல வேண்டும் உங்கள் மொழியில்?

நிலுஷா யோசித்தாள். நன்றி என்ற சொல் இருக்கிறது, மேடையிலும் கடிதத்திலும் அதைச் சொல்வோம் என்று எழுதினாள். வீட்டில் சொன்னால் பிறத்தியார் மாதிரி இருக்கும். சாப்பிட்டுவிட்டு எழும்பினால், வாசலில் நின்று, போயிட்டு வாறன் என்று சொல்வோம். போகிறேன் என்று மட்டும் சொல்லக்கூடாது, வருவதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது போதும்.

வெளியே அப்பாவின் சைக்கிள் வந்து நின்ற சத்தம் கேட்டது. கோதுமைக் கப்பலை உள்ளே இழுத்துக் கட்டிவிட்டு வந்த களைப்பில் அம்மாவைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டார். திரையில் ஒரு புது வரி வந்து நின்றது. ஆங்கில எழுத்துகளில், எழுத்துக்கு எழுத்துப் பிழையாக, ஆனால் வாய்விட்டு வாசித்தால் சரியாக வரும்படி, பனி அள்ளும் அந்த மனுசன் எழுதியிருந்தார்: போயிட்டு வாறன்.

நிலுஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் வாசிக்கக்கூடியபடி அதே எழுத்தில் தட்டினாள்.

"ஓம். வாங்கோ."